ராசி பீஸ்

சுகன்யா,

இதை நீ பிரிக்கும்போது வண்டிச் சாவி யார் கையில் இருக்கிறதோ, முதலில் அதை வாங்கி உன் கையில் வைத்துக்கொள். ரியாஸ் ஏற்கெனவே வண்டியில் உட்கார்ந்திருந்தால் இறங்கச் சொல். ஏன், எதற்கு என்று கேட்டால் 'எங்கம்மா சொன்னாங்க' என்று மட்டும் சொல். எட்டுப் பேர் டீமுக்குத் தலைவியாக இருப்பவள் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிறகு ஒரு ஓரமாக உட்கார்ந்து மீதியைப் படி. கடிதம் நீளம். கறிவேப்பிலை வாங்கி வா என்பதைக்கூட நான் சுருக்கமாகச் சொன்னவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

ஆனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை நான் உனக்குக் கொடுத்தனுப்பிய ரிப்போர்ட் பொய். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரத்தைத் திருப்புகிற அந்த இரண்டு இரும்புக் கைகளையும் நான் சோதிக்கவில்லை. ரிப்போர்ட்டில் இருக்கிற எண், பல வருஷமாக என் மேசை டிராயரில் கிடக்கிற வேறொரு துண்டின் எண். போட்டிக்காக நீங்கள் செய்த வண்டியில் மாட்டியிருக்கும் கைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. நன்றாகவே இருக்கலாம். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் கண்ணாடி மாதிரி உடைகிற நிலையிலும் இருக்கலாம். இந்தத் தெரியாதோடுதான் இரண்டு நாளாக இருக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். இன்று, வெள்ளிக்கிழமை, காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன். முதல் இரண்டு தடவை நீ எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, "மீட்டிங்ல கீறேன்மா, அப்பறம் பேசறேன்" என்றாய். நானும் "சரி, சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இதுதான் என் லட்சணம். சொல்ல வேண்டியது தொண்டை வரை வரும், வாயைத் திறந்தால் சாப்பிட்டாயா என்று கேட்பேன். பிறகு கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு உன் காலேஜுக்கே வந்தேன். நூம்பலிலிருந்து வேலப்பன்சாவடிக்கு நடந்து, பஸ் பிடித்து, ஆவடி ரோட்டில் அந்த வெயிலில் இறங்கி, உங்கள் ஒர்க்‌ஷாப் கம்பிவேலி வரை வந்தேன். நீ நடுவில் நின்று கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். ஏழு பேரும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி ஸ்டாண்டில் இருந்தது, முன்சக்கரம் இன்னும் மாட்டவில்லை. சக்கரம் இல்லாமல் இன்று ஓட்ட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிட்டேன். அந்த ஏழு பேர் முன்னால் உன் முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்குத்தான் முதல் ஓட்டம் என்று நீ சொல்லியிருந்தாய். அதற்கு முன் இதை உன் கையில் கொடுத்துவிடுவேன். வாயால் சொல்ல வராதவள் எழுதியாவது கொடுக்கிறேன்.

நம் வீட்டு ஹாலில் நீ ஒட்டி வைத்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியிலேயே மாட்டினாய், உன் அப்பாகூட "அமாவாசை என்னிக்கின்னு இனிமே இவளத்தான் கேக்கணும்" என்று முணுமுணுத்தார். பச்சைக் கட்டம் முடிந்த வேலை, மஞ்சள் நடக்கிற வேலை, சிவப்பு தாமதமான வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர். விக்னேஷ் வெல்டிங், ரியாஸ் ஸ்டியரிங், இன்னும் யார் யாரோ. எல்லாருக்கும் கீழே, 'அம்மா, ஹீட் ட்ரீட்மென்ட், புதன்' என்று எழுதியிருந்தாய். நான் அதைத் தினமும் பார்ப்பேன். மெட்டீரியல் சயின்ஸ் படிக்கிற பிள்ளை, தன் டீமில் என்னையும் ஒரு ஆளாகச் சேர்த்திருக்கிறாளே என்று பெருமையாக இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷமாக இரும்பைச் சோதிக்கிறேன், என் பெயரை யாரும் இதுவரை எந்தச் சுவரிலும் ஒட்டியதில்லை. அந்தக் கட்டம் திங்கட்கிழமை மஞ்சளானது. செவ்வாய்க்கிழமை நீ சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். "அம்மா, நாளிக்கு சாயங்காலம் கைக்கு வரலன்னா எல்லாம் போச்சு. திங்கக்கெழம போட்டிக்கு ரயிலு. உன்னாலதான் லேட்டாச்சுன்னு டீம்ல சொல்ல வெக்காத" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் சுகு, நான் உனக்குப் பயந்தேன். பெற்ற பிள்ளைக்குப் பயப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

இனி புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நீ படித்த விஷயம்தான் இது, உனக்குப் பாடம் நடத்தவில்லை. இதை இன்னொருவரும் படிக்க வேண்டியிருக்கும், அவருக்கும் புரியட்டும் என்று விளக்கமாக எழுதுகிறேன். எங்கள் கம்பெனியில் இரும்பு இரண்டு முறை பர்னஸுக்குள் போகும். முதல் முறை நன்றாகப் பழுக்கக் காய்ச்சி எண்ணெய்த் தொட்டியில் போடுவோம். அதில் இரும்பு கடினமாகும், கூடவே விறைத்துப்போகும். அடித்தால் வளையாது, பட்டென்று உடையும். அதனால் இரண்டாவது பர்னஸில் குறைந்த சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து அந்த விறைப்பைத் தணிப்போம். டெம்பரிங். அது முடிந்தால்தான் இரும்பு அடியைத் தாங்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அதனால் ஒவ்வொரு கூடையோடும் அதே இரும்பில் ஒரு சின்னத் துண்டை, டெஸ்ட் பீஸை, கம்பியில் கட்டித் தொங்கவிடுவோம். கூடை எங்கெங்கே போகிறதோ அந்தத் துண்டும் அங்கெல்லாம் போகும். கடைசியில் துண்டை மெஷினில் வைத்து அழுத்தி, அது காட்டுகிற கடின எண்ணைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவோம். இது பர்னஸ் வேலை பார்க்கிற எல்லாருக்கும் அரிச்சுவடி.

புதன்கிழமை மத்தியானம் உன் கைகள் எண்ணெய்த் தொட்டியிலிருந்து வெளியே வந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் லைட்டுக்கும் மெஷினுக்கும் மட்டும்தான், பர்னஸுக்குக் கிடையாது. முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது வெளியே இரண்டு கஸ்டமர் வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன, உள்ளே ஒரே ஓட்டமாக இருந்தது. ஐந்து மணிக்கு என் மேசைக்கு உன் கூடை வந்தது. கைகள் இரண்டும் இருந்தன. கம்பி இருந்தது, துண்டு இல்லை. எங்கேயாவது விழுந்திருக்கும். கைகளையே மெஷினில் வைத்து அழுத்தலாம் என்றால், நீதான் செதுக்கி முடித்த பாகத்தில் ஒரு பொட்டுப் பள்ளம்கூட விழக் கூடாது, உங்கள் சார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லியிருந்தாய். அந்த நேரம் கேட் செக்யூரிட்டி வந்து, "யக்கா, உங்க பொண்ணோட காலேஜுலர்ந்து ஒரு தம்பி பைக்ல வந்துக்கிறாரு" என்றார். நான் டிராயரைத் திறந்தேன்.

அந்த டிராயரில் ஒரு துண்டு இருக்கிறது. எங்கள் செக்‌ஷனில் அதற்கு ராசி பீஸ் என்று பெயர். முன்பு எப்போதோ சரியாகப் பதம் வந்த ஒரு துண்டு. எத்தனை முறை வைத்து அழுத்தினாலும் கேட்கிற எண்ணைக் காட்டும். அம்மைத் தழும்பு மாதிரி உடம்பெல்லாம் பள்ளம் விழுந்து கிடக்கும். டெஸ்ட் பீஸ் தொலைந்து, வண்டி வெளியே நின்று, மறுபடி காய்ச்ச நேரம் இல்லாத நாட்களில் 'ராசி பீஸ எடு' என்பார்கள். புதன்கிழமை யாரும் சொல்லவில்லை. நானே எடுத்தேன், நானே அழுத்தினேன், உன் காலேஜ் பெயரை எழுதி, எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு சீல் குத்தினேன். பார்சலைக் கட்டிக் கேட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் ரியாஸ் கையில் கொடுத்தேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினான். "ஆன்ட்டி, ரிப்போர்ட்டும் உள்ளயே கீதா?" என்று கேட்டான். "கீதுப்பா, பாத்துப் போ" என்றேன். பாத்துப் போ என்று சொன்னேன் பார், அந்த வாயை என்ன செய்வது.

வியாழக்கிழமை காலை பர்னஸ் ஆபரேட்டர் முனியனைத் தேடிக்கொண்டு போனேன். "நேத்து நம்ம பாப்பா காலேஜு கூடை ரெண்டாவது பர்னஸுக்குப் போச்சா?" என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். "கரண்டு வந்ததும் நாலு கூடை உள்ள தள்னேன் யக்கா. உங்களுது அதுல இருந்திச்சா, வெளிய நின்னுச்சான்னு தெர்ல. இன்னாத்துக்கு, எதனா ப்ராப்ளமா?" என்றான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பர்னஸ் நோட்டில் கூடை எண்ணை எழுதியிருப்பார்கள் என்று பார்த்தேன். நான்கில் படிக்க முடிந்த மூன்று எண்ணில் உன்னுடையது இல்லை. ஆனால் நான்காவது எண்ணின் மேல் எண்ணெய்க் கறை, அது உன்னுடையதாகவும் இருக்கலாம். அன்று முழுவதும் ஒரே எண்ணைத் தப்பாக எழுதி அடித்து அடித்து எழுதினேன். பக்கத்து மேசைக்காரி சர்க்கரை செக் பண்ணச் சொன்னாள்.

அன்று சாயங்காலமே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் வீட்டுக்கு வந்தேன். நீ எனக்கு முன்பே வந்து, மூன்று நாளுக்கான துணிகளை எடுத்து வைத்துக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தாய். ஸ்பீக்கரில் அந்த விக்னேஷின் குரல். "இல்ல சுகு, நம்ம லேப்லயே ஒருவாட்டி செக் பண்ணிட்லாம். அடில சின்னப் பள்ளம்தான வுழும். எனக்கு இன்னாவோ மனசு ஒப்பல" என்றான். நீ சட்டையை மடித்துக்கொண்டே, "ரிப்போர்ட் கைல கீது. இனிமே லேப்ல சொல்லி, சார்கிட்ட சைன் வாங்கி, ஒரு நாள் போய்டும். எங்கம்மா இருவத்திரண்டு வருஷமா இதத்தான் பண்றாங்க. அவங்களையே சந்தேகப்படறியா?" என்றாய். அவன் "சாரி" என்றான். நீ போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்து, "எல்லாத்துக்கும் ஒரு கேள்வி கேப்பாம்மா இவன். இவனை வெச்சுகினு டீம் நடத்தறதுக்குள்ள..." என்றாய். நான் உனக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தேன். மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு திங்கட்கிழமை வரை டீமோடு தங்கப் பையைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், நான் தோசையில் மறைத்தேன்.

நேற்று அந்தப் பையனின் 'சாரி'யைக் கேட்டபோது எனக்கு வேறொரு குரலும் சேர்ந்து கேட்டது. இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன், நீ ஏழாவது படிக்கும்போது, பாரம் தூக்குகிற சங்கிலியில் மாட்டும் பின்கள் ஒரு கூடை வந்தன. அன்றைக்கும் டெஸ்ட் பீஸ் எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் வந்து, "அக்கா, கூடையில பீஸ் இல்லியே, எப்டி எழுதறது?" என்று கேட்டாள். "நீ உன் வேலையப் பாரு" என்றேன். ராசி பீஸை எடுத்து அழுத்தி எழுதினேன். அவளும் இப்படித்தான் 'சாரிக்கா' என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று வாரம் கழித்துப் பாடியில் ஒரு பட்டறையில் அந்தப் பின் ஒன்று உடைந்து, தூக்கிய பாரம் ஏழுமலை என்கிற ஒருவரின் காலில் விழுந்தது. எங்கள் மேனேஜர் ஓடி வந்து ஃபைலைப் புரட்டினார். என் ரிப்போர்ட் பளிச்சென்று இருந்தது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிவிட்டார்கள் என்று முடித்துவிட்டார்கள். "நீ பக்காவா எழுதி வெச்சதால கம்பெனி தப்பிச்சுதும்மா" என்று எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அந்தப் பின் என் தப்பால் உடைந்ததா, பாரத்தால் உடைந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருந்தது. உடைந்த துண்டு ஒரு வாரம் மேனேஜர் மேசையில்தான் கிடந்தது. மெஷினில் வைத்து ஒரு முறை அழுத்தியிருந்தால் போதும். தினமும் அதைக் கடந்து போய் டீ குடித்தேன், தொடவில்லை.

ஏழுமலையை ஒருமுறை பார்த்தேன். பாடி மேம்பாலத்துக்குக் கீழே பஸ் ஏறினேன், கையில் இரண்டு பை. சீட்டில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்து எழுந்தார். எழும்போது கம்பியைப் பிடித்து ஒரு காலை இழுத்துத்தான் நின்றார். "உக்காருங்கக்கா, நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிறேன்" என்றார். எங்கள் கம்பெனிக்கு நஷ்டஈடு விஷயமாக வந்தபோது பார்த்த முகம், எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நான் உட்கார்ந்தேன் சுகு. வேண்டாம், நீங்கள் உட்காருங்கள் என்றுகூட எனக்குச் சொல்ல வரவில்லை. அவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கவில்லை, எஸ்டேட் வரை நின்றுகொண்டே வந்தார். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அன்றிலிருந்து அந்தப் பாலத்துக்குக் கீழே நான் பஸ் ஏறுவதில்லை, ஒரு ஸ்டாப் நடந்துபோய் ஏறுகிறேன். காலுக்கு நல்லது, வாக்கிங் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பின் உடைந்த வருஷம்தான் நீ ப்ராக்ரஸ் கார்டில் அப்பா கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு போனாய். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மர ஸ்கேல் உடைகிற வரை உன்னை அடித்தேன். கணக்கில் மார்க் குறைந்ததற்கு ஏன் இவ்வளவு அடி என்று உனக்குப் புரியவில்லை. "தெரியாமப் போட்டுட்டேன்மா, தெரியாமப் போட்டுட்டேன்மா" என்று அழுதாய். நான் அடித்தது உன்னை இல்லை. பொய்க் கையெழுத்துப் போட்டவளைத் தேடினேன், நீ கைக்கு அகப்பட்டாய். மன்னித்துவிடு என்று ஒன்பது வருஷம் கழித்துக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறதோ இல்லையோ, கேட்கிறேன். அதன்பிறகு ராசி பீஸை நான் தொடவில்லை. ஆனால் தூக்கியும் போடவில்லை. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் உறைக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதுவும் பொய்தான். என்றைக்காவது தேவைப்படும் என்றுதான் வைத்திருந்தேன். தேவைப்பட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனேன் இல்லையா, அங்கே ரியாஸின் அம்மாவைப் பார்த்தேன். அவர்கள் கடைதான் அது என்று எனக்கு அப்போதுதான் தெரியும். அளவெடுத்துக்கொண்டே பேசினார்கள். "வண்டி ஓட்டப் போறேன்னு சொன்னதுலர்ந்து எனக்கு ஒதறலுதான்க்கா. ஒத்தப் புள்ள. அப்பறம் அவனே சொன்னான், சுகன்யாதான் எல்லாம் பாத்துக்கிறா, அவங்கம்மா ஃபேக்டரிலதான் இரும்பு வேலைன்னு. நீங்க கீறீங்க, அப்பறம் இன்னா பயம்னு உட்டுட்டேன்" என்றார்கள். அளவு நாடா அப்போது என் கழுத்தைச் சுற்றி இருந்தது. அன்று பெருமையாகத்தான் இருந்தது. இன்று அந்தப் பேச்சை நினைத்தால் சோறு இறங்கவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறப்பதற்கு முன்னால்கூட ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்லிவிட்டுத்தான் திறக்கிறார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு தாயின் பிள்ளையை அந்த வண்டியில் உட்கார வைத்திருக்கிறேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது. இந்தக் கடிதத்தோடு உனக்கு ஒரு பை கொடுப்பேன். அதில் ஒரு புது அரமும், அந்த ராசி பீஸும் இருக்கும். உங்கள் லேப் சனி, ஞாயிறு பூட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் கைகளைக் கழற்றி, ஒர்க்‌ஷாப் மேசையில் இருக்கிற வைஸில் இறுக்கிப் பிடி. அரத்தை முதலில் ராசி பீஸில் தேய்த்துப் பார். அது சரியாகப் பதம் வந்த இரும்பு, அரம் கடிக்கும், பொடி உதிரும். பிறகு கைகளின் முனையில், பாரம் விழாத ஓரத்தில், அதே அழுத்தத்தில் தேய்த்துப் பார். அரம் வழுக்கிக்கொண்டு போனால் இரண்டாவது பர்னஸை அந்தக் கை பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அப்போது வேறு பேச்சே இல்லை. கடித்தாலும் ஓட்டாதே. அரம் பயமுறுத்தத்தான் உதவும், தைரியம் கொடுக்காது. திங்கட்கிழமை காலை லேப் திறந்ததும் மெஷினில் அழுத்திப் பார்த்துவிட்டு ஓட்டு. சாயங்கால ரயில் தவறிப் போனால் போகட்டும். ஒரு வருஷ உழைப்பு என்பாய். தெரியும், அதை நான் சுவரில் தினமும் பார்த்தேன். இருந்தாலும் சொல்கிறேன், போகட்டும்.

அரத்தை நீ பிடிக்காதே, விக்னேஷ் கையில் கொடு. அத்தனை பேர் முன்னாலும் அவனிடம், நீ கேட்டது சரி, நான் உன் வாயை அடைத்தது தப்பு என்று சொல். உனக்குத் தலைமை என்றால் என்ன என்று சொல்லித்தருகிற யோக்கியதை எனக்கு இல்லை, நான் யாரையும் நடத்தியவள் இல்லை. ஆனால் வாய் அடைக்கப்பட்ட ஒருத்தியை எனக்குத் தெரியும். அந்தப் புதுப் பெண் அதற்கப்புறம் இரண்டு வருஷம் எங்களோடு இருந்தாள், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நல்ல பெண், சொன்னதைச் செய்கிறாள் என்று எல்லாரும் மெச்சினோம். உன் அட்டவணையில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் இருக்கிறது, 'எனக்கு மனசு ஒப்பவில்லை' என்று எழுத ஒரு கட்டம் இல்லை. எனக்கும் அப்படி ஒன்று இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்றால், சத்தியமாகத் தெரியவில்லை. இருந்தாலும் வை.

என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. 'ரிப்போர்ட்டில் ஏதோ சின்னக் குழப்பம்' என்று மென்று முழுங்கினால் உன் டீம் நம்பும், உங்கள் சாரும் நம்புவார். அதைச் செய்தால் நீ என் மகளாகிவிடுவாய், அந்த அர்த்தத்தில் நீ என் மகளாக வேண்டாம். 'எங்கம்மா பொய்யா எழுதிட்டாங்க' என்று சொல். சொல்லும்போது உனக்கு வலிக்கும், அவமானமாக இருக்கும், என் மேல் ஆத்திரமாக வரும். எல்லாம் நியாயம்தான். திங்கட்கிழமை நானும் மேனேஜரிடம் போய் இந்த ரிப்போர்ட்டையும் சொல்வேன், அந்தப் பின்களையும் சொல்வேன். வேலை போகலாம். அதற்குப் பிறகு பாடி பாலத்துக்குக் கீழேயே பஸ் ஏறலாம் என்று ஒரு எண்ணம். அது எப்படி முடியும் என்று தெரியவில்லை. ஆனால் அதெல்லாம் அப்புறம். இன்றைக்கு எனக்கு ஒரே ஒரு பயம்தான், அந்த வண்டி நகர்ந்துவிடக் கூடாது.

நாளை ஆறரை மணிக்கே கேட்டில் இருப்பேன். கவரையும் பையையும் உன் கையில் கொடுத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்காமல் நகர்ந்துவிடப் பார்க்கிறேன். ஆனால் போய்விட மாட்டேன். கம்பிவேலிக்கு வெளியே அந்த வேப்பமரத்தடியில் நிற்பேன். என்னை உள்ளே கூப்பிடாதே, வந்து என்ன ஆயிற்று என்று சொல்லவும் வேண்டாம். அரம் கடித்தால் ஒரு சத்தம், வழுக்கினால் வேறு சத்தம். இருபத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்தவளுக்கு வெளியிலிருந்தே தெரிந்துவிடும்.

படித்து முடித்ததும் இந்தக் காகிதத்தை மடித்து உன் பைக்குள் வைத்துக்கொள்ளாதே. ரியாஸிடம் கொடு. அந்த வண்டியில் உட்காரப் போகிறவன் அவன்தான், அவன் படிக்க வேண்டும்.

அம்மா